மூன்றாவது விசில்

எங்கள் பள்ளி மைதானம் முழுவதும் சுண்ணாம்புப் புள்ளிகள். ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. வைத்தவன் நான். மழை அடித்துக் கரைத்தால் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவனும் நான்தான். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் காலையில் பிள்ளைகள் அவரவர் புள்ளியில் நிற்கும்போது, வரிசைக்கு முன்னால் போய் நின்று பார்த்தால் ஒரே ஒரு தலைதான் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்துவிட்டால் அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்காது. பிள்ளைகள் எனக்கு ‘கோடு மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் சொல்லிப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

நான் படித்தது என்னவோ ஓட்டமும் பந்தும் சொல்லிக்கொடுக்க. ஆனால் எந்தப் பள்ளியிலும் விளையாட்டு வாத்தியார் கிடைத்தால் காலைக் கூட்டத்தை அவன் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது மூன்று விசில். முதல் விசிலுக்கு எல்லோரும் ஓடிவந்து புள்ளியில் நிற்க வேண்டும். இரண்டாவது விசிலுக்கு, வழிபாட்டில் சேராத பிள்ளைகள் விலகிச் சைக்கிள் கொட்டகைக்குப் போக வேண்டும். மூன்றாவது விசிலுக்கு மாணவர் தலைவர் மைக்கில் “இறைவனை வணங்குவோம்” என்று சொல்லிப் பாட்டைத் தொடங்க வேண்டும்.

எங்களிடம் எல்லா விதமான வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கைகூப்புகிற வீடு, மண்டியிடுகிற வீடு, கையேந்துகிற வீடு, இது எதுவும் வேண்டாம் என்கிற வீடு. பள்ளியைத் தொடங்கிய புண்ணியவான் ஒரு பாட்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதில் எந்தக் கடவுளின் பெயரும் வராது. அதனால் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைத்திருப்பார், பாவம். சில பெற்றோருக்கு அதில் தங்கள் கடவுளின் பெயர் இல்லையே என்று குறை. சில பெற்றோருக்கு அதில் கடவுள் இருக்கிறாரே என்று குறை. குறை உள்ளவர்கள் கொட்டகைக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். வருடா வருடம் கொட்டகையில் கூட்டம் கூடியது. அத்தனை பேருக்கும் கொள்கை முற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அங்கே நிழல் இருந்தது.

இரண்டாவது விசில் முடிந்ததும் என் வரிசைகள் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். எனக்கு வயிறு எரியும். நான் வேண்டிக்கொள்ளாமல் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன். கூட நின்று ஒரு பாட்டுப் பாடினால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது விசிலை ஊதுவேன்.

இந்த லட்சணத்தில்தான் என் மகள் மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைப் பள்ளியில் ‘சின்ன விசில்’ என்பார்கள். குரலும் அப்படி, பிடிவாதமும் அப்படி. அடுத்த திங்கட்கிழமை பதவியேற்பு. பெற்றோரெல்லாம் வருவார்கள். அவர்கள் முன்னால் என் வரிசைகள் ஒரு பக்கம், மேடையில் என் மகள் ஒரு பக்கம். அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை மதியம், தலைமையாசிரியை அறையிலிருந்து ஆள் வந்தது.

போனால் மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“மாஸ்டர், உங்க பொண்ணு என்ன சொல்றான்னு நீங்களே கேளுங்க” என்றார் தலைமையாசிரியை.

“மேடம், தலைவி என்னென்ன செய்யணுமோ எல்லாம் செய்யறேன். அந்தப் பாட்டை மட்டும் என்னால தொடங்கி வைக்க முடியாது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. இல்லாததை இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா அது பொய்தானே?”

நான் அவள் பக்கம் திரும்பினேன். “எத்தனை நாளா இந்தக் கூத்து?”

“ஒரு வருஷமா புள்ளியில நின்னு வாயை மட்டும் அசைக்கிறேன்ப்பா.”

“அப்ப கொட்டகைக்குப் போயிருக்க வேண்டியதுதானே?”

“போனா உங்க வரிசையில ஓட்டை விழுமே.”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் பொல்லாதவர் அல்ல. அவரும் தினமும் உருகி வேண்டுகிற மனுஷி.

“மாஸ்டர், ஒரு பக்கம் பாட்டை எடுங்கன்னு வந்து நிக்கறாங்க. இன்னொரு பக்கம் கொட்டகையை மூடுங்கன்னு வந்து நிக்கறாங்க. நடுவுல மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி வாங்கறது நான். தலைவியே பாட மாட்டேன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? திங்கக்கிழமை முதல்ல பாட்டு, அப்புறம்தான் பேட்ஜ். அவ தொடங்கலேன்னா துணைத் தலைவனுக்குக் குத்திடறேன். மனசு வரல, ஆனா வேற வழி இல்ல.”

“அவ தொடங்குவா மேடம். அதுக்கு நான் பொறுப்பு” என்றேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று மாலை வீட்டில் நடந்தது ஊர் கூடிப் பார்க்க வேண்டிய சண்டை. என் மனைவி ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை வார்டு நர்ஸ். நின்று நின்று வீங்கிய காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு, நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

“பொய் சொன்னா வாயில மிளகாய்ப் பொடி போடுவேன்னு இவளை வளர்த்தது யாரு?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? நானும்தான் தினம் வேண்டிக்கிறேன். அதுக்காக இவளைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினேனா?”

“நீ குடுக்கற இடம்தான் எல்லாம்.”

“தாய் எட்டடி பாய்ஞ்சா குட்டி பதினாறடி பாயத்தான் செய்யும். நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்று முடித்துவிட்டாள்.

மகளிடம் இறங்கிவந்தும் பேசிப் பார்த்தேன். “நாலு வரிம்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். பேட்ஜ் உனக்கு வேண்டாமா?”

“வேணும்ப்பா. ரொம்ப வேணும்” என்றாள். கண் கலங்கிவிட்டது. “ஆனா அந்த வரியைச் சொல்லிட்டு அதைக் குத்திக்கிட்டா, தினம் அதைப் பார்க்கும்போது எனக்கு அசிங்கமா இருக்கும்.”

மறுநாள் சனிக்கிழமை. அன்றுதான் வேன் அண்ணன் விழுந்தார்.

பள்ளி வேன் ஓட்டுகிறவர் அவர். சின்னப் பிள்ளைகளிலிருந்து நான் வரைக்கும் எல்லோருக்கும் அவர் வேன் அண்ணன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு விதமாக ஹாரன் அடிப்பார். ஒரு வீட்டுக்கு நீளமாக ஒன்று, ஒரு வீட்டுக்குக் குட்டி குட்டியாக மூன்று, தினமும் தாமதமாக வருகிற ஒன்றாம் வகுப்பு வாலுக்கு ‘பீ...பீப்பீப்’ என்று கெஞ்சுகிற மாதிரி ஒன்று. பிள்ளைகள் தூக்கத்தில்கூடத் தங்கள் ஹாரனை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். வேன் கூரையைக் கழுவ ஏறியவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக் கீழே விழுந்தார். இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்து அன்றே அறுவைச் சிகிச்சை நடந்தது. என் மனைவியின் வார்டில்தான் படுக்கை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் பார்க்கப் போனோம். மனைவி வார்டு வாசலிலேயே எங்களை நிறுத்தினாள்.

“ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. நடப்பார்னு டாக்டர் சொல்றார். வண்டி ஓட்டறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டார். அந்த ஒரு வார்த்தையோட மனுஷன் உடைஞ்சு போயிட்டார். யார்கிட்டயும் பேசல, சாப்பிடல. சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கார்.”

உள்ளே போய்க் கூப்பிட்டேன். அசையவில்லை. தினமும் என்னைப் பார்த்தால் “என்ன மாஸ்டர், இன்னிக்குக் கோடு நேரா?” என்று வம்புக்கு இழுக்கிற ஆள். மகள் கூப்பிட்டபோதுதான் மெல்ல முகத்தைத் திருப்பினார். தலையணைக்கு அடியிலிருந்து வேன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“மேடம்கிட்ட குடுத்துடும்மா. வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு.”

அவ்வளவுதான். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது மகள் பின்னாலிருந்து கேட்டாள்: “அப்பா, அண்ணனுக்காக வேண்டிக்கிட்டீங்களா?”

“வேண்டாம இருப்பேனா?”

“நல்லது. எனக்குத்தான் வேண்ட வராதே. நான் என்ன பண்றது?”

“பேசாம வா. ரோட்டைப் பார்க்கணும்” என்றேன். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் ரோட்டைப் பார்ப்பது என் வழக்கம்.

அன்று மாலை சமையலறையில் தாயும் மகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் பேச்சு நின்றது. பாட்டைத் தொடங்கச் சொல்லி அம்மாக்காரி புத்தி சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்தது. மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பெற்றோரை உட்கார வைத்திருந்தார்கள். முதல் விசில் ஊதினேன். ஓடிவந்து நின்றார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே தலை. இரண்டாவது விசில் ஊதினேன். பல் விழுந்தது. கொட்டகை நிறைந்தது. மகள் மேடையில் மைக் பக்கத்தில் நின்றாள். தலைமையாசிரியை கையில் ஒரு சின்னத் தட்டு, அதில் பேட்ஜ் மின்னியது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விசிலை வாயில் வைத்தேன்.

நான் ஊதுவதற்குள் மகள் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

“எல்லாருக்கும் காலை வணக்கம். கொட்டகையில இருக்கறவங்களும் கேளுங்க. வேன் அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கார். உங்களுக்கெல்லாம் தெரியும்.”

சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

“இது அவர் வண்டிச் சாவி. திருப்பிக் குடுத்துட்டார். இனிமே ஓட்ட முடியாதுன்னு அவரே முடிவு பண்ணிட்டார். யார்கிட்டயும் பேச மாட்டேங்கறார்.”

வரிசைகளில் ஒரு சலசலப்பு ஓடியது. மகள் இன்னொரு கையில் என் மனைவியின் பழைய போனை எடுத்தாள்.

“எங்கம்மா இப்ப அண்ணன் பக்கத்துல இருக்காங்க. இதுல நாம பேசறது அவருக்குக் கேக்கும். கடவுளை நம்பறவங்க, உங்க வீட்ல எப்படி வேண்டுவீங்களோ அப்படி இப்பவே வேண்டிக்கோங்க. சத்தமா வேண்டுங்க. நம்பாதவங்க, என்னை மாதிரி, நேரா அண்ணன்கிட்டயே சொல்லுங்க. யாரும் பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம்.”

தலைமையாசிரியையின் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, ‘ஊதுங்க’ என்று சைகை காட்டினார். ஒரு விசில் போதும். பழக்கம் அப்படி: மூன்றாவது விசில் கேட்டால் பிள்ளைகள் தாமாகவே பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். பாட்டு கிளம்பிவிட்டால் என் மகளின் குரல் அதில் மூழ்கிப்போகும். நான் கொடுத்த வாக்கும் ஒரு மாதிரியாகக் காப்பாற்றப்படும்.

மூச்சை இழுத்தேன். பதில் தெரியாவிட்டால் ரோட்டைப் பார்ப்பேன் என்று சொன்னேனே, மைதானத்தில் ரோடு ஏது? மகளைப் பார்த்தேன். பேட்ஜை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அது கயிற்றில் தொங்கி என் நெஞ்சில் முட்டியது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தொப்பென்று மண்டியிட்டான். அவன் பக்கத்தில் ஒருத்தி கைகூப்பி ஏதோ வேகமாக முணுமுணுக்க ஆரம்பித்தாள். பின்னால் இரண்டு பேர் கையேந்தினார்கள். எட்டாம் வகுப்பில் யாரோ ஒரு பாட்டை எடுத்தார்கள், அதற்குப் பக்கத்தில் வேறு யாரோ வேறு பாட்டை எடுத்தார்கள். நாற்காலியில் இருந்த பெற்றோர் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சத்தம் வளர்ந்தது. இரைச்சல் சந்தைக் கடையைத் தோற்கடித்தது.

கொட்டகையிலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

“அண்ணா! எழுந்து வாங்கண்ணா!”

அவ்வளவுதான், கொட்டகை காலியானது. அத்தனை பேரும் வெயிலுக்கு ஓடிவந்தார்கள். “நீங்க இல்லாம வேன் நல்லாவே இல்லண்ணா!” “சாப்பிடுங்கண்ணா!” “நான் இனிமே ஜன்னல்ல தலையை நீட்ட மாட்டேண்ணா!” கடவுளை நம்பாதவர்கள் இவ்வளவு உருக்கமாகக் கெஞ்சி நான் கேட்டதில்லை. ஒருவன்கூடப் புள்ளியில் இல்லை. குனிந்தவன், எழுந்தவன், கையை விரித்தவன், பக்கத்தில் இருப்பவனைக் கட்டிக்கொண்டவன் என்று என் வரிசைகள் நூடுல்ஸ் ஆகிவிட்டன. நானும் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் நடு மைதானத்தில் நின்று, வீட்டில் வேண்டுகிற மாதிரியே வாய்விட்டு வேண்டினேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, தினமும் தாமதமாக வருகிற ஒன்றாம் வகுப்பு வால் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தியது.

“பீ...பீப்பீப்!”

மகளின் முகம் மலர்ந்தது. போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு பிள்ளை நீளமாக “பீ...” என்றது. இன்னொன்று குட்டியாக மூன்று. அவரவர் வீட்டு ஹாரனை அவரவர். தினமும் காலையில் அவர் அவர்களை எப்படி அழைத்தாரோ, அப்படியே அவர்கள் அவரை அழைத்தார்கள். வேனில் வராத பிள்ளைகளும் விடவில்லை, தங்களுக்கென்று ஒரு ஹாரனைக் கண்டுபிடித்து அடித்தார்கள். எனக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

மகள் கையை உயர்த்தினாள். சத்தம் நின்றது. விசில் இல்லாமல் நின்றது. போனை மைக்கில் வைத்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ இருமினார்கள். பிறகு ஒரு குரல் வந்தது.

“யாருடா அங்க என் ஹாரனை அடிக்கறது?”

மைதானம் இடிந்துவிழுகிற மாதிரி ஒரு கூச்சல். பிள்ளைகள் குதித்தார்கள். பெற்றோர் நாற்காலியைத் தட்டினார்கள். கூச்சல் அடங்கியதும் மறுபடி அந்தக் குரல்.

“என்ன இவ்வளவு சத்தம்? கோடு மாஸ்டர் இன்னிக்கு லீவா?”

அத்தனை பெற்றோர் முன்னிலையிலும் அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கியது. பரவாயில்லை. இன்னும் நாலு தடவை சொல்லட்டும்.

தலைமையாசிரியை மைக்குக்கு வந்தார். கண்ணாடிக்குள் கண் நனைந்திருந்தது. “தம்பி, நான் பேசறேன்” என்றார்.

“மேடம், அந்தச் சாவி...”

“சொல்லுங்க தம்பி.”

“யார்கிட்டயும் குடுத்துடாதீங்க மேடம். நானே வந்து வாங்கிக்கறேன்.”

தலைமையாசிரியை சாவியை என் மகளிடமிருந்து வாங்கிக் கைக்குள் இறுக மூடிக்கொண்டார். போனை அணைத்தார்கள். எனக்கு அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா? மேடைக்கு அருகில் போய், “மேடம், பாட்டு இன்னும் பாடலையே” என்றேன்.

“தெரியுது மாஸ்டர். எனக்கும் காது இருக்கு.”

தட்டிலிருந்து பேட்ஜை எடுத்தார். மகளைப் பார்த்தார்.

“நீ வேண்டினியா?”

“இல்ல மேடம். அண்ணனைக் கூப்பிட்டேன்.”

“நான் வேண்டினேன்.”

“தெரியும் மேடம். பார்த்தேன்.”

“இத்தனை வருஷமா இங்க காலைல பாட்டு நடந்திருக்கு. வேண்டுதல் நடந்தது இன்னிக்குத்தான்” என்று சொல்லிப் பேட்ஜைக் குத்தினார். ஊசி அவர் விரலில் ஏறிவிட்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அன்று மதியம் ஆறாம் வகுப்பில் சண்டை. அண்ணன் பேசியது யார் வேண்டியதால் என்று. மண்டியிட்டவர்கள் தங்களால் என்றார்கள், கையேந்தியவர்கள் தங்களால் என்றார்கள், கொட்டகைக்காரர்கள் தாங்கள் போட்ட சத்தத்தால் என்றார்கள். நான் போய்க் காதைத் திருகிப் பிரித்துவிட்டேன். மாலையில் மனைவியிடம் சொன்னேன். “ஆபரேஷன் பண்ண டாக்டரையும் கொஞ்சம் சேர்த்துக்கச் சொல்லுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் காலைக் கூட்டம் மாறிவிட்டது. தினமும் ஒரு பிள்ளை மைக்குக்கு வந்து, இன்று யாருக்காக என்று சொல்லும். அம்மாவுக்குப் பரீட்சை, தம்பிக்குக் காய்ச்சல், காணாமல் போன பூனை. அவரவர் வழியில் வேண்டுவார்கள், சொல்வார்கள், சும்மா நினைப்பார்கள். அப்புறம் பிடித்தவர்கள் பழைய பாட்டைப் பாடுவார்கள். பிடித்தவர்கள் மட்டும் பாடுவதால் இப்போது அது நன்றாகவே இருக்கிறது. பூனை திரும்பி வந்தது. அதற்கும் சண்டை வந்தது. கொட்டகையில் சைக்கிள் மட்டும்தான் நிற்கிறது. முதல் விசிலைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

வேன் அண்ணன் ஊன்றுகோலோடு நடந்தார், பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார். டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள் காலை, தெரு முழுவதும் விதவிதமான ஹாரன் கேட்டது. வேன் வாசலில் வந்து நின்றதும் பிள்ளைகள் அவரைத் தள்ளிக்கொண்டே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மகள் மைக்கை அவரிடம் கொடுத்தாள்.

“அண்ணா, இன்னிக்கு யாருக்காக?”

அவர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். என்மேல் கண் நின்றது.

“கோடு மாஸ்டருக்காக. அன்னிக்கு அவர் ஊதியிருந்தா எனக்கு ஒண்ணும் கேட்டிருக்காது.”

இதை அவருக்கு யார் சொன்னது? வேறு யார், என் வீட்டுக்காரிதான். அத்தனை பிள்ளைகளும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்காகக் கைகூப்பினார்கள், மண்டியிட்டார்கள், கையேந்தினார்கள். எனக்காக யாரும் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலை குனிந்தேன்.

மகள் மேடையிலிருந்து இறங்கி நேராக என் முன்னால் வந்து நின்றாள். கண்ணை மூடவில்லை, கை கூப்பவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பா, நல்லா இருங்கப்பா.”

விசிலைத் தேடி எடுத்து வாயில் வைத்தேன். காற்றுதான் வந்தது.